உடனே சொல்ல முடியாதுங்க

எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான்: "உடனே சொல்ல முடியாதுங்க."

பொங்கலன்று எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்து வைப்போம். சாம்பாரில் உப்பு சரியா பாருங்கள் என்று யாராவது அவரிடம் கரண்டியை நீட்டினால், ஒரு வாய் குடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். இன்னொரு வாய் கேட்பார். அதற்குள் வரிசையில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருப்பார்கள். "சரியாத்தானுங்க இருக்குது" என்று அவர் தீர்ப்புச் சொல்லும்போது பாத்திரத்தில் சாம்பாரே இருக்காது. அவரைப் போலப் பேசிக்காட்டுவது எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு விளையாட்டு. எல்லோரையும்விட அதை நன்றாகச் செய்தது நான்தான்.

பெயர் வேண்டாம். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயரை நானும் விட்டுவிடுகிறேன்.

நியூ ஜெர்சியில், ப்ரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம் எங்கள் வீடு. அவர் பக்கத்து வீடு. உடுமலைப்பேட்டைக்காரர். ஒரு மருத்துவமனை லேபில் ரத்த ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வேலை. கணவர் இல்லை. ஒரே மகன் டெக்சாஸில், காப்பெல்லில் இருந்தான். எனக்கு ஊர் வேலூர். நான், கணவர் முரளி, நாலு வயது மகள் கயல், மூன்று பேரும் ஒரு மார்ச் மாதம் அந்த வீட்டுக்குக் குடிபோனோம்.

போன முதல் சனிக்கிழமை சமையலறை ஜன்னல் வழியே பார்க்கிறேன், பக்கத்து வீட்டு பேக்யார்டில் ஓர் அம்மாள் குப்புறக் கிடக்கிறார். ஆண்கள் போடும் பெரிய ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. மூலைகளில் பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை. மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"என்னாச்சுங்க? விழுந்துட்டீங்களா? நைன் ஒன் ஒன் கூப்பிடட்டுமா?"

என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்திச் சத்தம் போடாதே என்றார். ஒரு பலகையின் மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், நனைந்து மக்கிய இலைகளைக் கிழித்துக்கொண்டு ஏதோ எழும்பியிருந்தது. மூடிய சின்னக் கைபோல் இருந்தது. பச்சையுமில்லை, ஊதாவுமில்லை.

"என்னது இது?" என்றேன்.

"உடனே சொல்ல முடியாதுங்க. இன்னொரு நாலு நாள் ஆகோணும்." அப்புறம்தான் நிமிர்ந்து என் கால்களைப் பார்த்தார். "அய்யோ, வெறுங்கால்ல வந்திருக்கறீங்களே அம்மிணி. உள்ள வாங்க, சாக்ஸ் தாரேன்."

அவருடைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு, அவர் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன். நாலாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அந்தக் கை பிரிந்திருந்தது. ஓர் இலை, போர்வையைப் போலத் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்க, அதற்குள்ளிருந்து சுத்த வெள்ளையாய் ஒரு பூ. கீழே அவர் எழுதியிருந்தார்: ப்ளட்ரூட். தண்டை முறித்தால் சிவப்பாகச் சாறு வருமாம். "என்ன குரூப்புன்னு இன்னும் பாக்கலீங்க" என்று அடுத்த வரியில் ஒரு ஜோக்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் தினமும் லேபுக்குக் கிளம்பும் முன் ஒரு படம் அனுப்புவார். எனக்கு மட்டும்தான் அனுப்பினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டு, ரயிலில் உட்கார்ந்தபடி ஓர் இதயத்தைத் தட்டிவிடுவேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓக்கும் மேப்பிளுமாக ஒரு சிறு காடு, அதைத் தாண்டி ஓர் ஓடை. மற்ற வீடுகளில் மரங்களின் காலடிவரை புல்லை வெட்டி, இலைகளை ஊதித் தள்ளி, கம்பளம் விரித்ததுபோல் வைத்திருப்போம். அவர் வீட்டில் மட்டும் காடு வாசற்படிவரை வந்திருந்தது. விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடக்கும். போன வருடத்துக் காய்ந்த தண்டுகள் நிற்கும். நடுவே பலகைகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். அவற்றை விட்டு அவர் கால் இறங்கி நான் பார்த்ததில்லை.

"புல்லு வெட்டறது எங்க வீட்டுக்காரர் வேலைங்க," என்று ஒருமுறை சொன்னார். "அவர் தவறுன வருசம் யாரும் வெட்டல. எனக்கு அந்த மிசினை ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. மார்ச்சுல பாத்தா ஓக் மரத்தடியில பொடிப்பொடியா ரோஸ் கலர்ல பூ. இத்தனை வருசமா அங்கதான் இருந்திருக்குது. நாங்கதான் தலை தூக்க விடல. சரி, இன்னும் என்னதான் இருக்குதுன்னு பாப்பமேன்னு விட்டுட்டனுங்க."

வந்ததைப் பிடுங்காமல் பக்கத்தில் ஓர் ஐஸ் குச்சியை நட்டு வைப்பார். என்னவென்று தெரிந்துவிட்டால் குச்சியில் பெயர். தெரியாவிட்டால் கேள்விக்குறி. சில குச்சிகளில் கேள்விக்குறி இரண்டு வருடம் நிற்கும். அது பூத்தபின் வெறும் களை என்று தெரிந்தாலும் அவருக்கு ஏமாற்றம் இருக்காது. "இப்பத் தெரிஞ்சுபோச்சல்லங்க" என்பார், பரீட்சையில் பாஸான பிள்ளைபோல.

மனிதர்களிடமும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பிரிந்தபோது, யார்மேல் தப்பு என்று கிளப் ஹவுஸில் ஆளாளுக்குப் பேசினோம். அவர் கருத்தைக் கேட்டபோது, "நமக்குத் தெரிஞ்சது ஒரு ஓரந்தானுங்க" என்று எழுந்துபோய்விட்டார். கயல் படம் வரைந்துகொண்டு போய்க் காட்டினால், மற்றவர்கள்போல் "வாவ், பியூட்டிஃபுல்" என்று உடனே சொல்ல மாட்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்து நிமிடக்கணக்கில் பார்ப்பார். "இந்தப் பக்கம் என்ன வரப்போகுதுன்னு தெரியலியே சாமி. முடிச்சுட்டு வா, பாக்கலாம்." கயல் ஓடிவந்து முடித்துக்கொண்டு போவாள். அவளைப் பெரிய மனுஷியாக நடத்திய முதல் ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வெகுநாள்வரை ஒரே ஒருமுறைதான் அவர் யோசிக்காமல் பேசிக் கேட்டேன்.

கயலுக்கு ஏழு வயது, ஜூன் மாதம். அரைக்கால் சட்டையோடு அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தாள். நான் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். தட்டை எடுக்கக் குனிந்தவர் அவள் முழங்காலுக்குப் பின்னால் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது எப்ப வந்துச்சு?"

சிவப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி வெளியே இன்னொரு வட்டம். ஏதோ கொசுக்கடி என்று இரண்டு நாளாக நான் கலமைன் தடவிக்கொண்டிருந்தேன்.

"கொசுக்கடிதான்க்கா. போயிடும்."

"இல்லீங்க. இது உண்ணி கடிச்சது. இப்பவே கிளம்புங்க."

"திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கறேனே..."

"திங்கக்கிழமை வரைக்கும் எல்லாம் இருக்கக் கூடாது. அர்ஜென்ட் கேருக்குப் போலாம், அங்க அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். நானும் வாரேன், ஏறுங்க."

அவர்தான் காரை எடுத்தார். உண்ணியால் வரும் லைம் நோய்தான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள், மூட்டுக்கோ இதயத்துக்கோ போகவில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் மருந்து கொடுத்தோம். கயல் பழையபடி ஓட ஆரம்பித்தாள்.

அர்ஜென்ட் கேரில் அந்த டாக்டர் கேட்டார், சமீபத்தில் எங்காவது காட்டுப் பக்கம் போனீர்களா என்று. போயிருந்தோம். பத்து நாள் முன்புதான் போக்கனோ மலையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கியிருந்தோம். முரளி வேண்டாம் என்றார். பிள்ளை எப்போது பார்த்தாலும் ஐபேடோடு இருக்கிறாள் என்று சண்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனது நான். புல்லுக்குள் ஓடட்டும், உண்ணியெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சொன்னதும் நான். டாக்டரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எங்க பக்கத்து வீட்டுல நிறைய இலை மக்கிக் கிடக்கும், பிள்ளை அங்கதான் விளையாடுவா," என்றேன் ஆங்கிலத்தில்.

பக்கத்து வீட்டு அக்கா அப்போது வெளியே கயலோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டால் அதை நம்ப ஆரம்பிப்பது எவ்வளவு சுலபம்! வீட்டுக்கு வந்து முரளியிடமும் அதையே சொன்னேன். கிளப் ஹவுஸில் தோழிகளிடம் சொன்னேன். அந்த இலையுதிர் காலத்தில் அவர் வீட்டு இலைகளைப் பார்க்கும்போதெல்லாம் உண்மையாகவே கோபம் வந்தது. இத்தனைக்கும் கயலுக்கு வந்த பிறகு, அவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு இலைகளை வாரி எடுத்துவிட்டுச் சரளைக்கல் கொட்டினார். உண்ணி வெயிலில் கல்லைத் தாண்டி வராதாம். தனியாக, ஒரு சின்னத் தள்ளுவண்டியில், நான்கு வார இறுதிகள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உதவிக்குப் போகவில்லை.

அடுத்த மார்ச்சில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் இணையதளத்தில் ஒரு புகார் எழுதினேன். பெயர் போட வேண்டியதில்லை என்று அதிலேயே ஒரு கட்டம் இருந்தது. சுகாதாரக் கேடு, குழந்தைகளுக்கு ஆபத்து என்று எழுதினேன். படம் இணைக்கச் சொன்னது. என் ஜன்னலிலிருந்து எடுத்தால் எந்த வீட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும். அதனால் போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். அவர் மூன்று வருடங்களாகக் காலையில் அனுப்பிய படங்கள்.

மூன்றை எடுத்தேன். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு பூ இருந்தது. பூவை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பினேன். ஈர இலை, காய்ந்த தண்டு, மக்கின குச்சி. பார்த்தால் குப்பைமேடுதான்.

அதற்குப் பத்து நாள் கழித்து உடுமலைப்பேட்டையில் அவர் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கிளம்பும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தபால் மட்டும் எடுத்து உள்ள வெச்சிருங்க அம்மிணி. அப்புறம் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கக்கா."

ஓக் மரத்துக்குப் பின்னால் என்னைக் கூட்டிப் போனார். தரையிலிருந்து அப்போதுதான் மூன்று இலைகள் சுருள் பிரித்துக்கொண்டிருந்தன. ட்ரில்லியம். கணவர் இறந்த அடுத்த வருடம் விதையாகப் போட்டது. விதையிலிருந்து பூ வர ஏழு வருடம்கூட ஆகுமாம். இது ஏழாவது வருடம்.

"இந்த வருசம் மொட்டு விடும்னு தோணுதுங்க. நிச்சயமாச் சொல்ல முடியாது. விட்டுச்சுன்னா ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க. நாந்தான் உங்களுக்கு அனுப்பீட்டே இருக்கறேன், ஒருக்கா நீங்க அனுப்புங்க," என்று சிரித்தார்.

ஏப்ரல் முதல் வாரம் சங்கத்தின் கடிதம் அவர் தபால் பெட்டியில் கிடந்தது. உறை மேலேயே அறிவிப்பு என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. நான் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரியும். எங்கள் சங்கத்தின் விதி எல்லோருக்கும் வந்திருக்கிறது: பதினான்கு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அவர்களே ஆள் அனுப்பிச் சுத்தம் செய்வார்கள்.

அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அம்மா ஐசியுவில் இருக்கும்போது எதற்குத் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொன்னால், யார் புகார் கொடுத்தது என்று அவர் கேட்பார். கடிதத்தை அவர் வீட்டு மேஜையில் வைக்காமல் என் சமையலறை இழுப்பறையில் வைத்தேன்.

அந்தப் பதினான்கு நாளில் ட்ரில்லியம் மொட்டு விட்டது. பலகையில் மண்டியிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. மருத்துவமனை வராந்தாவிலிருந்து குரல் பதிவு. பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். அவர் குரல் தழுதழுத்தது. "வந்துருச்சுங்களே அம்மிணி. ஏழு வருசங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ட்ரக் வந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆட்கள். இலை ஊதும் இயந்திரத்தின் சத்தம் மீட்டிங்கில் கேட்டுவிடக் கூடாதென்று மைக்கை அணைத்தேன், ஜன்னலையும் மூடினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. எங்கள் காலிங் பெல் அடித்தது. மூவரில் வயதானவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினார். அங்கே மேப்பிள் மரத்தடி முழுக்க ப்ளூபெல் பூத்திருந்தது. மொட்டில் ரோஸாகவும் விரிந்தபின் நீலமாகவும் இருக்கும், சின்னச் சின்ன மணிகள்.

"ஃப்ளவர்ஸ், லேடி," என்றார். "கட்?"

யாரோ ஆசையாய் வளர்த்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வந்திருந்தார். முன்பின் தெரியாத ஆள்.

"ஐ டோன்ட் நோ," என்றேன். "நாட் மை ஹவுஸ்."

அவர் இன்னும் ஒரு விநாடி நின்றார். தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இலைகளை வாரி, தண்டுகளையும் பூக்களையும் தரையோடு வெட்டி, கறுப்புச் சாயம் போட்ட மரச்சீவலைக் கொட்டிச் சமன்செய்துவிட்டுப் போனார்கள். பலகைகளைக்கூட ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த கயல் அதைப் பார்த்து அழுதாள். "ஹூ டிட் திஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சங்கம் செய்தது என்றேன்.

இரண்டு நாள் கழித்து உடுமலையிலிருந்து செய்தி. "பூத்துச்சுங்களா?"

"இன்னும் இல்லக்கா," என்று எழுதினேன்.

அம்மாவின் காரியம் முடிந்து மே மாதக் கடைசியில் வந்தார். விமான நிலையத்திலிருந்து முரளிதான் கூட்டிவந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பின்பக்கம் போனார். நான் ஒரு பாத்திரத்தில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வெகுநேரம் அந்தக் கறுப்புத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்லக்கா. நான் பாக்கலையே."

"சரிங்க," என்றார். ரசம் சாதத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பொங்கலுக்கு வந்தார். உடுமலையிலிருந்து கொண்டுவந்த நாட்டுச்சர்க்கரையில் கயலுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தார். வாரத்தில் ஐந்து நாளும் நியூ யார்க் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று அந்த வருடம் செப்டம்பரிலேயே என் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கயலை மாலை பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவர ஆள் இல்லை. அவருக்கு லேப் இரண்டரைக்கு முடிந்துவிடும். நான் போய்க் கேட்டேன். ஆமாம், அவரிடம்தான் போய்க் கேட்டேன். வழக்கம்போல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை, மழையிலும் பனியிலும், குடையோடு அந்த மூலையில் நின்றார்.

படங்கள் மட்டும் வரவில்லை. பூக்கள் அதிகம் இல்லை, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வசந்தத்தில் அவர் மரச்சீவலைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார். சங்கக் கூட்டத்துக்கு ஒரு ஃபைலோடு போய், இவை களையல்ல என்று செடி செடியாகப் பெயர் சொல்லி, அப்படியே வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்கிவந்தார். அந்தப் பொடி ரோஸ் பூக்கள் திரும்ப வந்தன. ப்ளூபெல் பாதி வந்தது. ஓக் மரத்துக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருடம் அங்கே ஒற்றை இலை ஒன்று எழும்பியது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், அவர் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். நானாகப் போய், "அதுதானாக்கா?" என்று கேட்டேன். "உடனே சொல்ல முடியாதுங்க," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். காப்பெல்லில் மகன் வீட்டோடு போய்விடுவதாக முடிவு. வீடு விற்றுவிட்டது. வாங்கினவர்கள் பின்பக்கம் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் புல்தரையும் போடப்போகிறார்கள் என்றார், யார்மீதும் குறையில்லாத குரலில். செடிகளைப் பூங்கா ஒன்றில் வேலை செய்யும் தன்னார்வலர்கள் வந்து வேரோடு எடுத்துப் போகிறார்களாம்.

போவதற்கு முந்தின நாள் மதியம் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். தரையில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் காப்பி குடித்தோம். என் பையில் அந்த உறை இருந்தது. எடுத்து நடுவில் வைத்தேன்.

"அக்கா, இது அப்பவே வந்துச்சு. நான்தான் வச்சிருந்தேன்."

உறையைப் பார்த்தார். தொடவில்லை.

"அந்தக் கம்ப்ளெயின்ட்டும்..." உறையை அவர் பக்கம் தள்ளினேன். "அதுவும் நான்தான்க்கா."

"தெரியுங்க."

"எப்போ?"

"வந்த வாரமே. சங்கத்து ஆபீஸ்ல போய்க் கேட்டேன், கம்ப்ளெயின்ட்டோட நகல் குடுத்தாங்க. பேர் இல்ல. போட்டோ இருந்துச்சு. ஒண்ணுல என்ற ஐஸ் குச்சி ஓரத்துல நிக்குது, கேள்விக்குறியோட." கப்பைக் கீழே வைத்தார். "அந்தப் படமெல்லாம் நான் உங்களுக்கு மட்டுந்தானுங்க அனுப்புனேன். வேற யாருக்கு அம்மிணி பூவுல ஆசை? நீங்கதான் முதல் நாள் வெறுங்கால்ல ஓடி வந்தீங்க."

பூவைப் பார்க்க நான் ஓடவில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை.

"ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. ஏற்கெனவே ரெண்டு பொய் சொல்லீட்டீங்க. மூணாவதா ஒண்ணு எதுக்குச் சொல்ல வெக்கோணும்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஒரு ரிப்போர்ட்டைப் படிப்பதுபோல் சொன்னார். நான் அழுதேன். போக்கனோ கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். பெல் அடித்த அந்த வயதான ஆளைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அவர் முகம் முதல்முறையாக மாறியது. "கேட்டாரா? நிறுத்திட்டு வந்து கேட்டாரா?" என்றார்.

கிளம்பும்போது, என்ன நினைத்துக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "அக்கா, அந்த ட்ரில்லியத்தை எங்க பேக்யார்டுல வச்சுக்கட்டுமா? நான் பாத்துக்கறேன்."

"வேண்டாமுங்க," என்றார்.

ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கயலைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார். எனக்குக் கைகூப்பினார். கூட்டிப்போக வந்திருந்த மகன் காரை எடுத்தான்.

அன்று சாயங்காலம் கயல் சாப்பிட உட்காரவில்லை. பக்கத்து வீட்டின் பின்பக்கம், செடிகளைத் தோண்டி எடுத்த குழிகளைப் பார்த்துக்கொண்டு எங்கள் பின்வாசல் டெக்கில் நின்றிருந்தாள். பதினோரு வயதாகிவிட்டது. என் தோளுக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் போய் நின்று, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் கத்துவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகக்கூட இருந்தேன்.

"டிட் ஆன்ட்டி நோ?" என்றாள்.

"தெரியும்."

"சின்ஸ் வென்?"

"ஊர்லருந்து திரும்பி வந்த வாரத்துலருந்து."

கயல் விரல்விட்டு எண்ணினாள். மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு.

"ஸோ ஆல் தட் டைம்," என்று மெதுவாகக் கேட்டாள், "ஷீ நியூ, அண்ட் ஷீ ஸ்டில் கேம் டு தி பஸ் ஸ்டாப்?"

"ஆமா," என்றேன்.

அவள் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.